ஏழு ஆஸ்பத்திரிக்கும் ஒரே அத்தை

கெங்கம்மாவைப் பற்றிப் பேச்செடுத்தாலே சிலர் கையைக் கூப்புகிறார்கள். தெய்வம் என்கிறார்கள், தியாகி என்கிறார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் தெய்வமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. வெற்றிலையை மென்று படிக்கட்டு மூலையில் துப்பிவிட்டு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாள். கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள். அப்புறம் அவளே டீ வாங்கிக்கொண்டு வந்து நிற்பாள். நான் செங்கொடி. காலடிப்பேட்டையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். வீடு வியாசர்பாடி. பெயரைக் கேட்டதும் உங்கள் அப்பா எந்தக் கட்சி என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

கெங்கம்மாவின் வேலை என்னவென்று சொன்னால் வெளியாட்கள் சிரிப்பார்கள். கூட இருப்பது. அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

எங்கள் பக்கம் எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்களுக்குச் சிரிப்பு வராது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் எண்ணூர் சாலையில் எந்நேரமும் வரிசையில் நிற்கும். அந்த லாரிகளின் கிளீனர்கள், சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கம்பி தூக்குகிறவர்கள், கம்பெனிகளில் ஒப்பந்த வேலைக்காக ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள், பாதிப் பேர் ஒண்டிக்கட்டைகள். கை நசுங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ யாராவது ஆட்டோவில் ஏற்றி வந்து எங்கள் வாசலில் இறக்குவார்கள். நாம் திரும்பிப் பார்ப்பதற்குள் ஆட்டோ போயிருக்கும். உள்ளே வந்தவனிடம் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "கூட யாரு வந்திருக்கீங்க?"

இதைக் கல்நெஞ்சம் என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். பெரிய ஆஸ்பத்திரி என்றால் தாங்கிக்கொள்ளும். இருபது கட்டில் போட்டிருக்கிற ஆஸ்பத்திரிக்கு, கூட ஓர் ஆள் இல்லாவிட்டால் எதுவும் நகராது. மருந்து வாங்கி வர ஆள் வேண்டும். காப்பீட்டு அட்டை எங்கே என்று தேடி எடுக்கவும், கம்பெனி மேஸ்திரியைப் போனில் பிடித்து உலுக்கவும் ஆள் வேண்டும். ஆபரேஷனுக்கு நோயாளியோடு சேர்ந்து சம்மதம் சொல்ல ஒருவர் வேண்டும். ஏதாவது விபரீதமாகிவிட்டால் யாரிடம் சொல்வது? அதனால் ஆள் இல்லாத நோயாளி வந்தால் அடுத்த ஆஸ்பத்திரியைக் கைகாட்டுவார்கள். அங்கே போனால் அதற்கடுத்த ஆஸ்பத்திரி. ஒரு மனிதன் இப்படித் திருவொற்றியூருக்கும் ராயபுரத்துக்கும் நடுவில் ஆட்டோவிலேயே சுற்றிச் சுற்றிச் செத்துப்போனது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.

அந்தக் காலத்தில் இந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒருவருக்கொருவர் ஜென்ம விரோதிகள். ராயபுரத்து டாக்டர் எண்ணூர் டாக்டரைக் கல்யாண வீட்டில் பார்த்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார். மீஞ்சூருக்கு அப்பால் கிராமத்தில் இருக்கிற ஆஸ்பத்திரியும் பழவேற்காட்டு ஆஸ்பத்திரியும் மூடுகிற நிலைமைக்கு வந்துவிட்டன. ஒரு கேசுக்காக அவ்வளவு தூரம் மயக்க மருந்து டாக்டர் வர மாட்டார். அதனால் பிரசவ ஆபரேஷன் என்றால் டவுனுக்கு அனுப்பியாக வேண்டும். டவுனுக்கு வந்த நோயாளியை டவுன்காரர்கள் திருப்பி அனுப்ப மாட்டார்கள். அடுத்த காய்ச்சலுக்கும் அவர்களிடமே வரவழைத்துக்கொள்வார்கள். கிராமத்து ஆஸ்பத்திரியில் காற்று வாங்கிக்கொண்டு நர்ஸ்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

எங்கள் ஆஸ்பத்திரியை நடத்துகிற டாக்டர் அறிவுதான் எல்லாரையும் கூட்டினார். அவருக்குப் பொறுமை அதிகம், எனக்கு அது இல்லை. சாத்தாங்காட்டில் ஒரு இரும்புக் கடைக்கு மேலே இருந்த அறையில் ஏழு ஆஸ்பத்திரிக்காரர்களும் உட்கார்ந்தார்கள். கீழே கம்பி இறக்கும் சத்தத்தில் ஒருவர் திட்டுவது இன்னொருவருக்குக் கேட்கவில்லை, அதனால்தான் அந்தக் கூட்டம் உருப்படியாக நடந்தது என்று நான் இன்றைக்கும் சொல்வேன். சங்கம் வைத்தார்கள். ஆக்சிஜன் சிலிண்டரைச் சேர்ந்து வாங்கினார்கள். ஏழு பேருக்கும் பொதுவாக ஒரு மயக்க மருந்து டாக்டர், ஒரு ஆம்புலன்ஸ், எந்த ஆஸ்பத்திரியில் கட்டில் காலி என்று சொல்ல ஒரு போன். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ஒப்பந்தம்: பழவேற்காட்டிலிருந்து ஆபரேஷனுக்கு வந்த பெண்ணை, ஆபரேஷன் முடிந்து தேறியதும் பழவேற்காட்டுக்கே அனுப்பிவிட வேண்டும். தையல் பிரிப்பதும் குழந்தைக்கு ஊசி போடுவதும் அங்கேதான். அந்த இரண்டு கிராமத்து ஆஸ்பத்திரிகளும் இன்றைக்குத் திறந்திருப்பது அந்த ஒப்பந்தத்தால்தான். ஆரம்பத்தில் ராயபுரத்துக்காரர் ஒரு நோயாளியை அமுக்கப் பார்த்தார். மற்ற ஆறு பேரும் சேர்ந்து அவருக்கு மயக்க மருந்து டாக்டரை அனுப்பாமல் நிறுத்தியதும் வழிக்கு வந்துவிட்டார்.

கெங்கம்மா அப்போது எங்கள் வாசலில் மீன் கூடை வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். கடலோரக் குப்பத்துக்காரி. புருஷன் கடலில் போனவன் திரும்பவில்லை. பிள்ளை குட்டி கிடையாது. ஒரு நாள் கை நசுங்கிய லாரிக் கிளீனர் ஒருவனை வாசலில் இறக்கிவிட்டு ஓடிவிட்டார்கள். ரிசப்ஷனில் வழக்கமான கேள்வியைக் கேட்பது அவள் காதில் விழுந்தது. கூடையை அப்படியே போட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

"கூட நான் கீறேன்."

"நீங்க யாரும்மா இவருக்கு?" என்று டாக்டர் அறிவு கேட்டார்.

"அத்தை."

"இவரு இந்தில பேசறாரேம்மா."

"அதுக்கு இன்னா இப்போ? நான் இந்தி அத்தை. போய் வேலையப் பாரு நைனா, அவனுக்கு ரத்தம் போய்கினு கீது."

டாக்டர் சிரித்துவிட்டார். சிரித்தபிறகு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அந்தப் பையனின் கை பிழைத்தது. கூடையிலிருந்த சங்கரா மீனைத்தான் பூனைகள் ஒரு கை பார்த்துவிட்டன.

அதற்குப் பிறகு அவள் அடிக்கடி அத்தையானாள். சில பேருக்குச் சித்தி, சில பேருக்கு அக்கா. கொஞ்ச நாளில் எண்ணூரிலிருந்தும் ராயபுரத்திலிருந்தும் "அந்த அம்மாவை அனுப்ப முடியுமா?" என்று போன் வர ஆரம்பித்தது. டாக்டர் அறிவு சங்கத்தில் பேசினார். உறவுக்குக்கூடச் சம்பளமா என்று ராயபுரத்துக்காரர் கேட்டார். "மயக்க மருந்து டாக்டரை ஏழு பேரும் சேர்ந்து வச்சிருக்கோம். இந்தம்மாவையும் சேர்ந்து வச்சுக்குவோம்" என்றார் எங்கள் டாக்டர். அப்படித்தான் அவள் சங்கத்து ஆளானாள். சங்கத்தில் வேலை என்று அவள் சொன்னதும் குப்பத்தில் எல்லாரும் துறைமுகத் தொழிலாளர் சங்கம் என்று நினைத்துக்கொண்டு, வேலைநிறுத்தம் எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவள் கூட இருக்கத் தொடங்கியதும் ஆஸ்பத்திரிகள் யாரையும் தள்ளிவிடவில்லை. அவள் மேஸ்திரியைப் போனில் பிடித்து உண்டு இல்லை என்று ஆக்கி, காப்பீட்டுக் காகிதங்களை வரவழைத்துவிடுவாள். ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியது வந்துவிடும். ஆனால் அவளுக்கு அது பெரிய விஷயமாகத் தெரிந்ததில்லை. தியேட்டர் கதவுக்கு வெளியே ஒரு பெஞ்சு போட்டிருக்கிறோம். உள்ளே ஆபரேஷன் முடிகிற வரைக்கும் அந்த பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டாள். வெற்றிலை போடக்கூடப் போக மாட்டாள். ஒரு தடவை, "உள்ளே இருக்கிறவனுக்கு நினைவே கிடையாது, நீ வெளியே இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?" என்று கேட்டேன்.

"கண்ணத் தொறந்ததும் கூட யாருன்னு கேப்பான். அப்ப யாராவது கீணுமில்ல?" என்றாள்.

ஒரு விதிக்காக அவள் போட்ட சண்டையையும் சொல்ல வேண்டும். ஏழு ஆஸ்பத்திரிகளில் ஒன்றில், எது என்று சொல்ல மாட்டேன், அவள் வருவதற்குத் தாமதமானது என்று வார்டு ஆள் ஒருவனையே உறவுக்காரன் என்று கையெழுத்துப் போட வைத்து ஒரு நோயாளியின் காலை எடுத்துவிட்டார்கள். எடுக்க வேண்டிய கால்தான். இருந்தாலும் அவனிடம் யாரும் சரியாக எடுத்துச் சொல்லவில்லை. கண் விழித்துப் பார்த்தபோது கால் இல்லை. கெங்கம்மா நேராகச் சாத்தாங்காட்டுக் கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டாள்.

"ஆஸ்பத்திரி ஆளே கையெழுத்து போட்டா அந்த மன்சனுக்குன்னு யாரு கீறா? நீங்களே கேப்பீங்கோ, நீங்களே சரின்னுப்பீங்கோ. இன்னா கலீஜ் வேல இது?"

அன்றைக்கே விதி போட்டார்கள். எந்த ஆஸ்பத்திரியிலும் அங்கே வேலை செய்கிறவர்கள், சங்கத்து டாக்டர்கள், நர்ஸ்கள் யாரும் நோயாளிக்குக் கூட இருப்பவராகக் கையெழுத்துப் போடக் கூடாது. சொந்தக்காரர் போடலாம், சிநேகிதர் போடலாம், யாரும் இல்லாவிட்டால் கெங்கம்மா போடுவாள்.

இவ்வளவும் நல்லபடியாக நடந்ததே, அப்புறம் ஏன் இந்தக் கதையைச் சொல்கிறேன் என்றால், அவள் இதற்கு என்ன விலை கொடுத்தாள் என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் பேசவில்லை. அது எனக்கு ஆறவே இல்லை.

கூட இருந்த எல்லாருமா பிழைத்தார்கள்? இறந்தவர்களின் ஊருக்குப் போன் போட்டால், வரப் பயணச் செலவுக்கு வழியில்லை, நீங்களே முடித்துவிடுங்கள் என்று அழுவார்கள். போலீஸ் காகிதமெல்லாம் முடிந்தபிறகு ஆம்புலன்ஸில் உடலோடு மூலக்கொத்தளம் இடுகாட்டுக்குப் போவாள் கெங்கம்மா. உறவு என்று சொல்லிவிட்டாளே, அதனால் குழியில் ஒரு பிடி மண்ணும் போட்டுவிட்டு வருவாள். முதல் தடவை போனபோது குப்பத்தில் முணுமுணுத்தார்கள். பிறகு பேசினார்கள். ஊர் பேர் தெரியாத பிணத்துக்கெல்லாம் மண் போடுகிற கை என்று ஆகிவிட்டது. கடலுக்குப் போகிற ஆட்களின் வீடுகளில் இந்தப் பயம் லேசில் போகாது. புதுப் படகு இறக்கும் நாளில் அவள் தெருவில் வந்தால் கதவைச் சாத்தினார்கள். சீமந்தத்துக்குக் கூப்பிடவில்லை. தம்பி எத்திராஜின் மகள் வினிதாவைக் குளிப்பாட்டிச் சீவி வளர்த்ததே இவள்தான். அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்குப் பத்திரிகை வரவில்லை. மேளச் சத்தம் வீட்டுக்குள் கேட்டதாம். கதவைத் தாழ் போட்டுக்கொண்டு டிவியைச் சத்தமாக வைத்தேன் என்று என்னிடம் சொன்னாள்.

ஏழு ஆஸ்பத்திரியிலும் அவளை எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்குப் போனால் பேச்சுக்கு ஆள் இல்லை.

போன ஆவணியில் அவளுக்கு உதிரப்போக்கு அதிகமாகி மயக்கம் போட்டு விழுந்தாள். எத்தனை மாதமாக மறைத்தாளோ தெரியாது. ராயபுரத்திலிருந்து சங்கத்துக்காக வருகிற டாக்டர் மகிழினி பார்த்தார். கர்ப்பப்பையில் கட்டி, எடுத்தாக வேண்டும் என்றார். வியாழக்கிழமை எங்கள் தியேட்டரில் ஆபரேஷன் என்று முடிவானது.

டாக்டர் அறிவு அவளிடம், "கூட நான் கையெழுத்துப் போடறேன் கெங்கம்மா. ஒரு தடவை விதியைத் தள்ளி வைப்போம்" என்றார்.

"நான் சண்ட போட்டு வாங்குனது நைனா அது. ஊருக்கெல்லாம் ஒண்ணு, எனக்கு ஒண்ணா? வாணாம். என் தம்பி வருவான்."

நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். எத்திராஜ் அவள் வீட்டு வாசற்படி ஏறிப் பல வருடம் ஆகிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

வெளியே வந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டேன். சங்கத்தில் இரண்டாவதாக ஒருவரை வேலைக்கு எடுத்திருக்கிறார்களே, புளியந்தோப்பு சங்கமித்ரா, அவள் வந்து இருப்பாளே, எதற்கு வீம்பு என்று கத்தினேன்.

"சங்கமித்ரா நல்ல பொண்ணுதான். ஆனா அது டூட்டி" என்றாள். "நான் எத்தினி பேருக்கு அந்த பெஞ்சுல குந்திகினு இருந்துக்கீறேன். எனக்கு ஒருத்தன் குந்தணும் செங்கொடி. சம்பளத்துக்கு இல்லாம. என் கூடப் பொறந்தவன். ஒரே ஒரு நாளு."

அவளோடு குப்பத்துக்குப் போனேன். தனியாகப் போக அவளுக்குக் கால் வரவில்லை.

எத்திராஜ் வீட்டு வாசலில் மோட்டார் எஞ்சின் ஒன்றைச் சாக்கில் சுற்றி வைத்திருந்தான். புதுப் படகுக்கானது. அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்றான். கண் கலங்கியது, அதை நான் மறுக்க மாட்டேன். அவன் மனைவி குணசுந்தரி வாசற்படியிலேயே நின்றாள். உள்ளே வா என்று வாய் வார்த்தைக்குக்கூடச் சொல்லவில்லை. கெங்கம்மா தெருவில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள்.

"வர்றேன்கா. வியாழக்கெழம காத்தால நான் அங்க இருப்பேன்" என்றான் எத்திராஜ்.

"வெள்ளிக்கெழம புதுப் போட்டு எறக்குறோம் அண்ணி" என்று குணசுந்தரி சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள். கோபமாகவும் சொல்லவில்லை.

"தெரியும் குணா. அவன் ஒண்ணும் பண்ண வாணாம். வெளிய பெஞ்சுல குந்தினு இருந்தா போதும்" என்றாள் கெங்கம்மா.

திரும்பி வரும்போது அவளுக்கு ஒரே சந்தோஷம். சின்ன வயதில் எத்திராஜ் எவ்வளவு பயந்தாங்கொள்ளி, ஊசி என்றால் எந்தப் பக்கம் ஓடுவான் என்று சாலை முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். கண்டெய்னர் லாரிகள் போகும் சத்தத்தில் எனக்குப் பாதி கேட்கவில்லை. கேட்ட மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு வந்தேன்.

வியாழக்கிழமை காலையில் அவளைப் பச்சை அங்கி போட்டுத் தயார் பண்ணி உட்கார வைத்திருந்தோம். ஆட்டோக்காரர் அப்துல் வஹாப் உள்ளே வந்தார். கையில் ஒரு டிபன் கேரியர்.

"எத்திராஜு கொடுத்தனுப்புச்சாரு. மீன் கொழம்பு. அவரு அப்பால வர்றாராம்."

ஆபரேஷனுக்குப் போகிறவள் முந்தின ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருக்கிறாள். அவளுக்கு மீன் குழம்பு. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கேரியரைத் தூக்கித் தெருவில் வீசியிருப்பேன். கெங்கம்மா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்குன்னு கொடுத்துகீறான் பாரு. தொறந்து நீ கொஞ்சம் துன்னு சொல்லு. புளி சரியா கீதா?"

தியேட்டருக்குப் போகிற நேரத்தில் நான் மீன் குழம்பு சாப்பிடுவதா? இருந்தாலும் விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். வஞ்சிரம். புளி சரியாகத்தான் இருந்தது. அப்படியே சொன்னேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

நேரமாகிவிட்டது. டாக்டர் மகிழினிக்கு அடுத்து எண்ணூரில் ஒரு கேஸ் இருந்தது. மயக்க மருந்து டாக்டருக்கு அதற்கடுத்து மீஞ்சூர். ஏழு ஆஸ்பத்திரிக்குப் பொதுவான ஆட்கள் ஒருவருக்காகக் காத்திருக்க முடியாது, இது கெங்கம்மாவுக்கு எங்களை எல்லாரையும் விட நன்றாகத் தெரியும். எதற்கும் இருக்கட்டும் என்று டாக்டர் அறிவு சங்கமித்ராவை வரச் சொல்லியிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், அதிகம் பேசாத பெண். வேலைக்குச் சேர்ந்து இதுதான் அவளுடைய முதல் கையெழுத்து.

"தம்பி வர்ற வரிக்கும் நீ இரு. அவன் வந்ததும் நீ கெளம்பிடு" என்றாள் கெங்கம்மா.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்துத்தான் ஆபரேஷன். அதனால் அவளுக்கு நினைவு இருந்தது. முகத்துக்கு முன்னால் துணி மறைத்திருக்க, என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"வந்துட்டானா?"

கதவுக் கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். பெஞ்சில் சங்கமித்ரா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "இன்னும் இல்ல" என்பேன். கொஞ்ச நேரம் போகும். மறுபடியும் கேட்பாள். ஒரு கட்டத்தில் டாக்டர் மகிழினி தலையைத் தூக்கி, வந்துட்டார்னு சொல்லிடுங்களேன் என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். எனக்கு வாய் வரவில்லை. அவளிடம் நான் என்றைக்கும் பொய் சொன்னதில்லை, திட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். "இல்ல கெங்கம்மா, வரல" என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டியில் பயப்பட ஒன்றும் இல்லை என்று டாக்டர் மகிழினி சொல்லிவிட்டு எண்ணூருக்கு ஓடினார்.

மத்தியானத்துக்கு மேல் வார்டில் அவளைப் பார்க்கப் போனேன். சங்கமித்ரா பக்கத்து ஸ்டூலில் இருந்தாள். நான் போய் நிற்கும்போதே கெங்கம்மாவின் போன் அடித்தது. எத்திராஜ். நான்தான் எடுத்து அவள் காதில் வைத்தேன். அவன் பேசுவது எனக்கும் கேட்டது.

"அக்கா, முடிஞ்சிடுச்சாக்கா? நான் பாதி வழி வந்துட்டேன்கா. குணா போன் போட்டு அழுவுறா. பூசை போட்ட போட்டு, நாளிக்கி எறக்கணும், ஆஸ்பத்திரி வாசல மிதிச்சிட்டு வந்து அதுல கை வெச்சீன்னா நான் வூட்ல இருக்க மாட்டேன்றா. எறக்கிட்டு வந்துடுறேன்கா."

அவன் அழுதுகொண்டிருந்தான். பிடுங்கி நாலு வார்த்தை கேட்கலாம் என்று போனை இழுத்தேன். கெங்கம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"சர்தான்டா. அழுவாத. நீ போட்டை பாத்து எறக்கு. கடலு இன்னா மாதிரி கீது?"

"அமைதியாதான்கா கீது."

"கொழம்பு நல்லா இருந்துச்சுன்னு குணா கையில சொல்லு."

போனை வாங்கி வைத்தேன். அவள் அழுதாள். வயிற்றில் தையல், அழவும் முடியவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள். பூனை குறுக்கே போனதற்கு நான் சிரித்தால் கோபித்துக்கொள்கிறவள் அவள். அந்த ஜனத்தின் பயம் அவளுக்கும் தெரியும், அதனால் தம்பி மேல் அவளால் கோபப்படக்கூட முடியவில்லை. கோபம் எல்லாம் எனக்குத்தான்.

"ஒண்டியா கீறது போவப் போவப் பழகிடும்னு சொல்லுவாங்கோ. பழகல செங்கொடி" என்றாள்.

நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

அந்த நேரம் பார்த்துச் சங்கமித்ராவின் போன் அடித்தது. மீஞ்சூர் ஆஸ்பத்திரி. டிரெய்லர் மேலிருந்து விழுந்தவன் ஒருவன், ஒடிசாக்காரன், இடுப்பு எலும்பு போயிருக்கிறது. கூட யாரும் இல்லை. ஆம்புலன்ஸ் எங்கள் வாசலிலேயே நிற்கிறது, உடனே ஏறி வர முடியுமா என்று கேட்டார்கள். சங்கமித்ரா போனைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வர முடியாதுன்னு சொல்லிடறேன்மா. உங்க கூடத்தானே இன்னிக்கு" என்றாள்.

"பேஜாரு பண்ணாத. கெளம்பு" என்றாள் கெங்கம்மா.

"நீங்க ஒண்டியா..."

"எனக்குத் தமிழ் தெரியும், இங்க எல்லாரையும் தெரியும். அவனுக்கு யாரத் தெரியும்? பேரு கேளு மொதல்ல. பேரச் சொல்லிக் கூப்டு. உறவு இன்னான்னு கேட்டா அக்கான்னு சொல்லு, உன் வயசுக்கு அத்தைன்னா நம்ப மாட்டாங்கோ."

சங்கமித்ரா ஸ்டூலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனாள். கீழே ஆம்புலன்ஸ் கிளம்பும் சத்தம் கேட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு நான் உட்கார்ந்தேன். டீ வேண்டுமா என்று கேட்டேன், இன்னும் குடிக்கக் கூடாது என்று எனக்கே தெரியும். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் தியேட்டரிலிருந்து ஆள் வந்துவிட்டது. பழவேற்காட்டிலிருந்து பிரசவக் கேஸ் வந்துகொண்டிருக்கிறது, வந்து தயார் பண்ணுங்கள் என்று.

நான் எழுந்து நிற்கும்போது சாயந்திரச் சுற்றுக்கு டாக்டர் கீர்த்தி வந்தார். அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்தவர், செங்கல்பட்டுப் பக்கத்துப் பெண். அவருக்கு கெங்கம்மா யார் என்று தெரியாது. நாடி பார்த்தார், கட்டைப் பார்த்தார், வலி எப்படி இருக்கிறது என்று அன்பாகத்தான் கேட்டார். ஆபரேஷன் ஆனவர்களை முதல் ராத்திரி துணை இல்லாமல் வார்டில் விடுவதில்லை. அதனால் எல்லாக் கட்டிலிலும் கேட்பதை இங்கேயும் கேட்டார்.

"உங்க கூட யாரும்மா இருக்காங்க?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். கெங்கம்மா என்னைப் பார்த்தாள். எத்தனையோ வருடமாக அவளோடு சண்டை போட்டிருக்கிறேன், அப்படி ஒரு பார்வையை அவளிடம் பார்த்ததில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

"தம்பி கீறான் டாக்டரம்மா" என்றாள். "கீழ மருந்து வாங்கப் போய்க்கீறான்."

"வந்ததும் என்னை வந்து பாக்கச் சொல்லுங்க."

"சொல்றேன். இப்ப வந்துடுவான்" என்றாள் கெங்கம்மா.